அக்காப் பட்டை

அந்த மாலைகளில் ஓடியவள் வடிவு, நொண்டியவள் எப்சிபா.

மைதானத்தைச் சுற்றி நடை பயில வருகிற பாளையங்கோட்டை ஓய்வூதியக்காரர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. செம்மண் நிறத் தடத்தில் ஒரு பெண் சீராக ஓடிக்கொண்டிருக்கிறாள். கேலரியின் கீழ்ப்படியில் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நிற்கிறாள். ஓடுகிறவளின் இடதுகால் தரையில் படும்போதெல்லாம் நிற்கிறவளின் உதடு ஒரு நூல் அளவுக்கு இறுகுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பயிற்சியாளர் பால்துரை மட்டும் ஒருநாள் கேட்டார்.

"என்ன சிஸ்டர், பிள்ளைய ஓடவிட்டுட்டு நீங்க நொண்டுதீங்க?"

"படியில வழுக்கிட்டு சார்."

"இத்தன ஜெபம் பண்ணுதீங்க, ஒரு படிய உங்க ஆண்டவர் பாத்துக்கிட மாட்டாராக்கும்?" என்று சிரித்தபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எப்சிபாவும் சிரித்து வைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அந்தப் பொய் இவ்வளவு இலகுவாக வாயிலிருந்து இறங்கியதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல காரியத்துக்காகச் சொன்னது என்று உடனே ஒரு சமாதானமும் வந்துவிட்டது.

அவள் அந்த விளையாட்டு விடுதியில் எலும்பு கேட்பவள். அந்த வேலைக்கு அரசாணையில் நீளமான பெயர் ஒன்று உண்டு. விடுதிப் பிள்ளைகள் யாரும் அதைச் சொல்வதில்லை. காலையில் பயிற்சிக்கு இறங்குமுன் ஒவ்வொருத்தியாக அவள் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். மெல்லிய பட்டை ஒன்றை அவள் அந்தக் காலில் சுற்றுவாள். அதன் ஜோடியைத் தன் காலில் சுற்றிக்கொள்வாள். பிள்ளையின் எலும்பைச் சுற்றியிருக்கும் நரம்பில் ஓடுகிற வலியைத் தங்கச்சிப் பட்டை படிக்கும். அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து அக்காப் பட்டை எப்சிபாவின் காலில் அதே இடத்தில் வைக்கும். அக்கா, தங்கச்சி என்பதெல்லாம் பிள்ளைகள் வைத்த பெயர்கள்தான்.

இப்படி ஒரு கருவி வேண்டியிருந்ததற்குக் காரணம் எளிமையானது. ஓட்டக்காரர்கள் பொய் சொல்வார்கள். வலிக்கிறது என்றால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் எலும்பு வீங்கி, நொந்து, கீறல் விழுகிறவரை சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். அவர்கள் சொல்லாததை அவர்களுடைய எலும்பிடமே கேட்டுவிடலாம் என்று பட்டை வந்தது.

வடிவிடம் எப்சிபா முதலில் கேட்டது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில். பெண் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். பணகுடிப் பக்கத்துக் கிராமம். அப்பா சுடலைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மாசியில் நடக்கவிருந்த தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் ஆசியப் போட்டிக்கான அணியில் இடம் உறுதி.

பட்டையைச் சுற்றியதும் எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்கிற வலி தசையைச் சேர்ந்தது. அதற்கு அவள் பயப்படமாட்டாள். இது அப்படி இல்லை. முன்னெலும்பின் நடுவே, ஒரு விரல் நுனி வைக்கிற இடத்தில் குத்திட்டு நின்றது.

"எத்தன நாளா இருக்கு, வடிவு?"

"என்னதுக்கா?"

"இந்த இடம்." தன் காலில் விரலை வைத்துக் காட்டினாள்.

வடிவு சுவரைப் பார்த்தாள். "அது சும்மாக்கா. ஓட ஆரம்பிச்சா போயிரும்."

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் மைதீன் தலையை ஆட்டினார். அவர் அதட்டிப் பேசுகிறவர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எலும்புன்னா செத்த கட்டைன்னு நெனச்சிராத, தாயி. உள்ள தெனமும் வேல நடக்கு. பழசாப் போன எடத்த இடிக்க ஒரு கொத்தன், புதுசாக் கட்ட ஒரு கொத்தன். நீ ஓட ஓட இடிக்கவன் கை ஓங்கும். ஓய்வும் சாப்பாடும் இருந்தாத்தான் கட்டுதவன் வந்து சேருவான். ஒனக்கு இடிச்ச அளவுக்குக் கட்டல. இப்பம் வீக்கம்தான் இருக்கு, கீறல் இல்ல. ஆமா, மாசாமாசம் சரியா வருதா?"

வடிவு எப்சிபாவைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையசைத்தாள்.

"என்ன சாப்பிடுத?"

"பால்துரை மாஸ்டர் எடையக் கொறைக்கச் சொன்னாரு சார்."

"அவருகிட்ட நான் பேசுதேன். நீ தின்னு." எப்சிபாவின் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் தரையில ஓட்டம் வேண்டாம். நீச்சல் குளத்துல இடுப்புல மிதவையக் கட்டி ஓடட்டும். அப்புறம் நட, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டம். இன்னைக்கு எவ்வளவு ஓடலாம்னு நான் சொல்ல முடியாது, அத அவ காலுதான் சொல்லும். வலி தலகாட்டினா அன்னைக்கு அத்தோட நிறுத்திரணும். இங்க மருந்தும் அதுதான், மருத்துவரும் அதுதான்."

இந்த இடம்வரை எப்சிபா எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். அவித்த முட்டையும் கடலை உருண்டையும் டிபன் பெட்டியில் கொண்டுவந்து, வடிவு தின்று முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, எம்மூஞ்சியப் பாத்தா எடை கூடாது, முட்டையத் தின்னு" என்று விரட்டினாள். பால்துரை முகத்தைச் சுளித்தபோது அவரிடமும் சண்டை போட்டாள். தை பிறந்தபோது எலும்பின் வீக்கம் பாதி வடிந்திருந்தது. நடையிலிருந்து மெல்லோட்டத்துக்கு வந்தார்கள்.

பிறகுதான் அந்த மாலை. வடிவு ஒரு சுற்றை முடிக்குமுன் நின்றுவிட்டாள். டாக்டர் சொன்னபடி நின்றாள், அது சரிதான். ஆனால் அவளோடு விடுதியில் சேர்ந்த மற்றப் பெண்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். தடத்தின் ஓரத்தில் குத்தவைத்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். பால்துரை தூரத்திலிருந்து, "உக்காந்து அழுவதுக்கு ஊருல எடமில்லையா?" என்று கத்தினார்.

எப்சிபாவின் காலில் அந்த அழுகையின் நாலில் ஒரு பங்கு இருந்தது.

விடுதி வேலைக்கு வருமுன் அவள் ஒரு புற்றுநோய் இல்லத்தில் இருந்தவள். பட்டை முதலில் வந்தது அங்கேதான். வலியின் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு உண்டு; அங்கே அதை முழுவதும் திருப்ப அனுமதியும் உண்டு. கடைசி நாட்களில் கிடக்கிறவருடைய வலியை ஒருவர் கொஞ்ச நேரம் மொத்தமாக வாங்கிக்கொள்வார். அந்த நேரத்தில் கிடக்கிறவர் கஞ்சி குடிப்பார், மகளோடு பேசுவார், அயர்ந்து தூங்குவார். எத்தனையோ பேருடைய வலியை எப்சிபா அப்படி வாங்கியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு. தன் வாழ்க்கையில் ஆண்டவருக்குப் பிடித்த காரியம் ஒன்றைச் செய்திருக்கிறோம் என்றால் அது இதுதான் என்று அவள் நம்பினாள்.

குத்தவைத்து அழுகிற பெண்ணைப் பார்த்தபோது அவள் கை தானாகவே திருகைத் திருப்பியது. விடுதியில் அதற்கு அனுமதி இல்லை. இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வடிவு தலையை நிமிர்த்தினாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

மறுநாளும் ஒரு சுற்றுக்கு மட்டும். அதற்கடுத்த நாள் சுற்றுகளை எப்சிபா எண்ணவில்லை. பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சாப்பாடு ஏறிவிட்டது. விடுதிக் கூடத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டில் எப்சிபா முழங்காலிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபித்தாள். 'இந்தப் பிள்ளையின் பாடு என்னிடம் இருக்கட்டும் ஆண்டவரே' என்று சொல்லும்போது மனது நிறைந்திருந்தது. பின்னாளில் அவளை மிகவும் சுட்டது அந்த நிறைவுதான்.

மாசியில் தேர்வு ஓட்டம். டாக்டரின் பார்வையில் இருக்கிற ஓட்டக்காரர்கள் தங்கச்சிப் பட்டையோடுதான் ஓட வேண்டும் என்பது விதி. எலும்பு முறிகிற நிலைக்கு வந்தால் கேட்பவர் சிவப்புக் கொடியைக் காட்ட வேண்டும், ஓட்டக்காரரை நிறுத்திவிடுவார்கள். அன்று பார்வையில் இருந்தவள் வடிவு ஒருத்திதான். கொடி எப்சிபாவின் மடியில் கிடந்தது. திருகு முழுவதும் திரும்பியிருந்தது.

பாதி ஓட்டம்வரை எப்சிபா தாங்கினாள். அதற்குப் பிறகு அந்த விரல் நுனி இடம் எரிய ஆரம்பித்தது. கொடியைத் தூக்க வேண்டிய வலி இது என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருட அனுபவத்தில் தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் வடிவு முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் சுடலைமுத்து தோளில் கிடந்த துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம்தானே, நான் தாங்கிக்கொள்கிறேன் என்று எப்சிபா நினைத்தாள். தாங்குவது தன் கையில் இருக்கிற காரியம் என்றே அவள் நினைத்தாள்.

கடைசி வளைவில் அவள் முன்னெலும்புக்குள் யாரோ விறகைப் பிளந்தார்கள்.

படியிலேயே சரிந்தாள். கண்ணைத் திறந்தபோது வடிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். முறிந்த காலை ஊன்றி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், நேர்பாதையில் வந்துகொண்டிருந்தாள். எப்சிபாவின் விரல்கள் திருகைத் தேடிப் பிடித்தன. திருப்பினால் பிள்ளை நின்றுவிடுவாள். திருப்பினால் இத்தனை வலியும் பிள்ளைக்குப் போய்விடும். இரண்டும் ஒரே கணத்தில்தான் தோன்றின. இரண்டாவது நினைப்பு விரலைப் பிடித்துக்கொண்டது.

வடிவு கோட்டைத் தாண்டினாள். இரண்டு கையையும் தூக்கினாள். அதன்பிறகுதான் கால் மடங்கியது. கீழே உட்கார்ந்து, தன் கால் திரும்பியிருக்கிற விதத்தை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் டாக்டர் மைதீன் இருந்தார். எலும்பு முறிந்த பெண் அமைதியாகக் கூரையைப் பார்த்துக் கிடக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வேர்த்து நனைந்து, புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வடிவுக்கு மயக்க ஊசியைப் போட்டு, அவள் கண் செருகியதும், குனிந்து எப்சிபாவின் காலிலிருந்து அக்காப் பட்டையை அவிழ்த்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வாய் திறந்தார்.

"முழுசுமா சிஸ்டர்?"

"ஆமா டாக்டர்."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்குப் பெறவு."

"நீங்க அந்த இல்லத்துல இருந்தவங்கல்லா. அங்க ஒங்க கையப் புடிச்சுக்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர் எங்க வாப்பா. நான் மறக்கல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க அந்த வலிக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அத யாரு வாங்கிக்கிட்டாலும் புண்ணியம். இந்தப் பிள்ளைக்கு அது தெனமும் பேசிக்கிட்டு இருந்துச்சு சிஸ்டர். நிறுத்து, நிறுத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. சேதி ஒங்ககிட்ட வந்திட்டு. அவகிட்டப் போய்ச் சேரல."

எப்சிபா சுவரில் சாய்ந்துகொண்டாள். காலில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த வெறுமையே அவளை நிற்கவிடவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்லப் போகல. நீங்களாச் சொல்லணும்" என்றார் டாக்டர்.

சொல்ல வேண்டிய காரணம் இரண்டு நாளிலேயே வந்து நின்றது. பட்டை எதையும் சேர்த்து வைக்காது. பிள்ளைகளின் உடம்பு விஷயம் வெளியே போகக் கூடாதென்று அப்படித்தான் செய்திருந்தார்கள். அதனால் என்ன நடந்திருக்கும் என்பதை விடுதிச் செயலர் ஆவுடையப்பன் தாமாகவே முடிவு செய்துகொண்டார். பட்டைக்குக் கீழே மரப்பு மருந்தைத் தடவிக் கேட்பவரை ஏமாற்றுகிற பெண்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். வலியை மறைத்தவளுக்கு விடுதியில் இடம் கிடையாது என்பது விதி. விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்னால் வடிவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எப்சிபா ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தலைமாட்டில் சுடலைமுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பிள்ள ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

"அக்கா, டைம் என்னன்னு சொன்னாங்களா?" என்று வடிவு கேட்டாள். "இந்த ஸ்டேட்டுல இதுவரைக்கும் யாரும் அப்படி ஓடுனதில்லையாம். மாஸ்டரே வந்து சொன்னாரு."

"ஆட்டோ பின்னால பெயிண்ட்ல எழுதிட்டேம்மா" என்றார் சுடலைமுத்து. "எம்பிள்ள பேரு, கீழ அந்த டைமு. வள்ளியூர்ல ஒரு போலீசுக்காரரு வண்டிய நிறுத்தி, யாருய்யா இதுன்னு கேட்டுட்டு, கையக் குடுத்துட்டுப் போறாரு. கால் போனா என்னம்மா, கட்டிக்கிடலாம். அவ ஓடுனது ஓடுனதுதான?"

தான் எடுத்துக்கொண்டது வலியை மட்டுமல்ல என்பது அப்போதுதான் எப்சிபாவுக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளை விடுதியில் இருப்பாள். ஆனால் அந்த ஓட்டத்தை அழித்துவிடுவார்கள். இன்னொருத்தி வலியைத் தாங்க, ஒருத்தி ஓடியதை யார் கணக்கில் எடுப்பார்கள்? சொல்லாவிட்டால் அந்த நேரம் இருக்கும். பிள்ளை பொய்க்காரி என்று பெயர் வாங்கி வெளியே போவாள். இந்த இரண்டையும் பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுத்தது தன்னுடைய இரக்கம்.

ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சொல்லாமலே திரும்பி வந்தாள்.

அன்று ஆலயத்தில் வழக்கமான இடத்தில் அவள் உட்காரவில்லை. செருப்புக் கிடக்கிற வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் எங்கே தொடங்கினாலும் நினைப்பு தான் சுமந்ததிலேயே போய் முடிந்தது. எவ்வளவு தாங்கினேன், எப்படித் தாங்கினேன் என்று. பாவத்தைச் சொல்ல வந்த இடத்திலும் தன் தியாகத்தையே எடுத்து வைக்கிற மனதைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

விசாரணை விடுதி அலுவலகத்தில் நடந்தது. ஆவுடையப்பன், பால்துரை, டாக்டர் மைதீன். சக்கர நாற்காலியில் வடிவு. அவளுக்குப் பின்னால், தள்ளிக்கொண்டு வந்த சுடலைமுத்து.

"மரப்பு மருந்து போட்டியாம்மா?" என்றார் ஆவுடையப்பன். கெட்டவர் இல்லை, விதியைக் கையில் வைத்திருக்கிறவர்.

"இல்ல சார்."

"அப்பம் சிஸ்டருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் எப்சிபா.

எழுந்து நின்றே சொன்னாள். இல்லத்தில் வேலை பார்த்ததைச் சொல்லவில்லை, இரக்கப்பட்டதைச் சொல்லவில்லை. திருகைத் திருப்பியதைச் சொன்னாள். பால்துரையிடம் படியில் வழுக்கியது என்று சொன்னது பொய் என்றாள். கொடி மடியில் இருந்ததையும் தூக்காததையும் சொன்னாள். முறிந்த பிறகும் திருப்பாமல் இருந்ததைச் சொன்னபோது பால்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அவ என்னைய நம்பி ஓடுனா. தப்பு முழுசும் என்னோடது" என்று முடித்தாள்.

ஆவுடையப்பன் எழுதுவதற்குத் தாளை இழுத்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் வடிவு.

எப்சிபா திரும்பிப் பார்த்தாள்.

"மொத நாளே தெரியும். அழுதுக்கிட்டு இருக்கும்போதே வலி டக்குனு நின்னுட்டு. நிமிந்து பாத்தா, அக்கா கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்காங்க." அவள் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தே பேசினாள். "அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் அந்த எடம் வரும்போது பாப்பேன். கம்பிய இறுக்கிப் புடிச்சிருப்பாங்க. எந்தக் கால்ல நொண்டுதாங்கன்னும் பாத்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அவங்க இன்னும் தாங்குவாங்கன்னு நெனச்சு வேகத்தக் கூட்டுனேன்."

"வடிவு, சும்மா இரு" என்றாள் எப்சிபா.

"கடைசிச் சுத்துல நீங்க விழுந்ததப் பாத்தேங்க்கா. பாத்துட்டுத்தான் ஓடுனேன்."

அதற்குப் பிறகு யாரும் எதையும் மறுக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எப்சிபா சொன்னது உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். அவளைக் குற்றமற்றவளாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தானே சுமந்து போய்விடலாம் என்று பார்த்தாள். வலியைப் போலவே இதையும். ஆனால் இதற்குத் திருகு இல்லை. ஒருத்தி சொல்லிவிட்டால் இன்னொருத்திக்குக் குறைகிற காரியம் இல்லை இது.

சுடலைமுத்து மகளின் நாற்காலியை விட்டு நகரவில்லை. "அப்பம் அந்த டைம அழிச்சிருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"அழிச்சுத்தான் ஆகணும்" என்றார் ஆவுடையப்பன். அவர் குரல் இறங்கியிருந்தது. ஒரு வருடம் வடிவு போட்டி எதிலும் ஓடக் கூடாது. எப்சிபா இனி எந்தப் பட்டையையும் தொடக் கூடாது. சொல்லி முடித்து, எழுந்து வாசல்வரை போய், திரும்பினார். "ரூம் சாவி அந்தப் பிள்ளகிட்டயே இருக்கட்டும். கட்டில் அங்க சும்மாத்தான கெடக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே லோடு ஆட்டோ நின்றது. சுடலைமுத்து டூல்ஸ் பெட்டியிலிருந்து துணியையும் மண்ணெண்ணெயையும் எடுத்து, பின்கதவில் எழுதியிருந்த நேரத்தை அழிக்கத் தொடங்கினார். எப்சிபா போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பாமலே துணியின் ஒரு முனையைக் கிழித்து அவளிடம் நீட்டினார். இரண்டு பேருமாக அழித்தார்கள். மேலே இருந்த பெயரை அப்படியே விட்டார்கள்.

எலும்பு கூடுவதற்கு அது எடுத்துக்கொள்கிற காலத்தை எடுத்துக்கொண்டது. வடிவு முதலில் குளத்தில் ஓடினாள், பிறகு ஊன்றுகோலோடு நடந்தாள், பிறகு ஒரு கோலோடு. எப்சிபாவுக்கு விடுதியில் வேலை இல்லை. பார்வை நேரத்தில் மற்றவர்களின் தாய் தகப்பன் வருவதுபோல டிபன் பெட்டியோடு வந்து, குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். முதல் சில வாரங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பெட்டி மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

கோல் இல்லாமல் தடத்தில் நடக்க டாக்டர் அனுமதித்த காலையில், "நீங்க கூட வாங்கக்கா" என்றாள் வடிவு. "அந்தப் புது அக்கா பட்டையக் கொண்டாந்தாங்க. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

இருவரும் உள்வட்டத்தில் இறங்கினார்கள். பயிற்சிக்குப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பால்துரை விசிலை எடுத்தார்; என்ன நினைத்தாரோ, ஊதாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்னால் வந்தவள் வெளிப்பாதைக்கு ஒதுங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளுக்குப் பின்னால் வந்தவள். அதிக தூரம் ஓட வேண்டியிருந்தும் எல்லோரும் ஒதுங்கியே போனார்கள்.

வடிவு அடி எடுத்து வைத்தாள். எப்சிபா பக்கத்தில் நடந்தாள். அவள் காலில் ஒன்றும் இல்லை. பக்கத்திலிருக்கிற காலில் என்ன நடக்கிறது என்று அறிய வழியில்லை. முகத்தைப் பார்த்தாள், முகம் ஒன்றும் சொல்லவில்லை. உலகத்தில் மற்ற எல்லோரும் எப்படித்தான் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இப்படி நடந்துபோகிறார்களோ என்று இருந்தது. கை பழக்கத்தில் பட்டை இருந்த கணுக்காலுக்குப் போய்த் திரும்பியது.

வளைவு வந்ததும் வடிவின் நடை கொஞ்சம் தளர்ந்தது.

எப்சிபா நின்றாள். இந்த விடுதியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் ஒரு பிள்ளையிடமும் அவள் கேட்டிராத கேள்வி அது. கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

"ஏட்டி, வலிக்கா?"

வடிவும் நின்றாள். உடனே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. இடதுகாலில் மெல்ல எடையை இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியலக்கா. இருங்க, பாத்துச் சொல்லுதேன்."

எப்சிபா காத்திருந்தாள்.